லாரியில் வந்தவன் அஜந்தா பார்க்கக் கூடாதா?

‘பயணம் உங்கள் கலையை எப்படி வடிவமைத்தது? 500 சொற்களுக்குள் எழுதவும்.’

ஓவியர்களுக்கான ரெசிடென்சி ஒன்றின் விண்ணப்பத்தில் இருந்த கேள்வி இது. விண்ணப்பம் முழுக்க ஆங்கிலம். என் நண்பன் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கண்ணகி நகரிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு வந்திருந்தான். பிஎச்.டி. படிக்கிறவன் என்பதால் எங்கள் வட்டத்தில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் அது என் தலையில்தான் விழும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ரெண்டாயிரத்துல அடையாறு ஆத்தோரத்துலேர்ந்து லாரில வந்தேன் மச்சி. அத எழுதலாமா?”

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வாளன் புத்தி, உடனே அதைப் பிடித்துக்கொண்டது. பாத்திர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த எட்டு வயதுப் பையனின் அந்த லாரிப் பயணத்தை அரை மணி நேரத்தில் ‘இடப்பெயர்வின் அழகியல்’ ஆக்கிவிட்டேன். உடல், நினைவு, விளிம்பு எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. படித்துக் காட்டித் தமிழிலும் சொன்னேன்.

“நல்லாத்தான் கீது. ஆனா இது நான் இல்லயே” என்றான்.

உண்மைதான். அவன் வரைவது கூழைக்கடாக்களை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் விடிகாலையில் தேங்கி நிற்கும் வெளிச்சத்தை. லாரியை அவன் ஒருமுறைகூட வரைந்ததில்லை. அவனிடம் இல்லாத படத்தை அவன் பெயரில் நான் விற்கப் பார்த்தேன். கலை உலகம் நம்மை என்ன செய்கிறது என்று பேசப்போகிற இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

இன்றைய சமகாலக் கலையில் பயணம் என்பது ஒரு தகுதி. கண்காட்சிச் சுவரில் ஓவியரின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ‘சென்னையிலும் பெர்லினிலும் வாழ்ந்து பணியாற்றுகிறார்.’ எத்தனை ஊர்களில் தங்கினார், எத்தனை பினாலேக்களில் காட்சிக்கு வைத்தார் என்ற பட்டியல்தான் ஓவியரின் மதிப்பெண் சான்றிதழ். 2012இல் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கிய பிறகு இந்தப் பட்டியலுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். சண்டை பயணத்தோடு இல்லை. பயணம் செய்ய முடிவதைத் திறமையாகவும், செய்ய முடியாததைப் பார்வைக் குறைவாகவும் எடைபோடும் தராசோடுதான் சண்டை.

இந்த நாட்டில் ஒருவர் தன் விருப்பப்படி கிளம்பி, வழியில் தண்ணீர் குடித்து, விரும்பியதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எப்போதுமே சாதி சம்பந்தப்பட்ட விஷயம். இதை பாபாசாகேப் அம்பேத்கரைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிடவில்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று அவர் பெயரிட்ட சிறு நூலின் பெரும்பகுதி பயணக் கதைகள்தான். 1901இல் சிறுவர்களாகத் தந்தையைப் பார்க்கக் கிளம்பி மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். கட்டணம் இரட்டிப்பு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். காசும் நம்முடையது, வேலையும் நம்முடையது, தீட்டும் நம்முடையது.

அதே நூலில் இன்னொரு பயணம் இருக்கிறது. கலை பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பேசுவதே இல்லை. 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர் அம்பேத்கரோடு சுற்றுலா கிளம்பினார்கள். எங்கே? வெருள். அதாவது எல்லோரா. பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பயணத்தின் திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. வழியெல்லாம் படிந்த புழுதி போக, வாசலில் இருந்த சிறு குளத்துத் தண்ணீரில் முகம் கை கால் கழுவினார்கள். ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். குளம் தீட்டாகிவிட்டதாம். கூட்டம் கூடி வசைபாடியது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது. அதைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவர் கூடவே நடந்தார். அது நிஜாம் ஆட்சிப் பகுதி. வசைபாடிய கூட்டம் இந்துக்களின் கூட்டமும் இல்லை. தீட்டு மத எல்லையையும் தாண்டும் என்பதைச் சொல்லத்தான் அம்பேத்கர் அதை எழுதினார்.

நான் அதில் இன்னொன்றையும் படிக்கிறேன். முப்பது பேர், ஒரு பேருந்தும் ஒரு காரும் பிடித்து, சிற்பம் பார்க்கப் போனார்கள். கோரிக்கை மனு கொடுக்கப் போகவில்லை, கூட்டத்துக்குப் போகவில்லை. பார்க்கப் போனார்கள். அந்தக் கண்களுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி நடந்து வந்தது. நம் மக்களின் கலைப் பயண வரலாற்றை யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் சதுப்பு நிலத்தைக் கடந்து ஓ.எம்.ஆரைத் தாண்டினால் கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. பிறகு செம்மஞ்சேரி வந்தது, பெரும்பாக்கம் வந்தது. சுனாமி வந்தபோதும், 2015 வெள்ளம் வந்தபோதும், ஏழைகளை நகரத்துக்கு வெளியே தள்ள ஒரு காரணம் கூடுதலாகக் கிடைத்தது. நகரத்தைக் கூட்டுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் நகரத்தின் தெற்கு விளிம்பில் அடுக்கப்பட்டார்கள். சேரி ஊருக்கு வெளியே என்ற பழைய சட்டத்துக்கு மாடி கட்டினார்கள், அவ்வளவுதான்.

2020இல் அங்கே ஓவியர்கள் வந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி ஆகியவை சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரும் ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தன. இந்திய ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் வந்து வரைந்தார்கள். சென்னையின் முதல் ‘ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்’ என்று பெயர் சூட்டினார்கள். கேமராக்கள் வந்தன.

“வண்ணம் பூசினால் என்ன கெட்டுவிட்டது? குழந்தைகளுக்குச் சந்தோஷம்தானே?” என்று தோழர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. குழந்தைகளுக்குச் சந்தோஷம்தான். என் நண்பனுக்கே சில ஓவியங்கள் பிடிக்கும். ஒரு நிறத்தை எவ்வளவு துணிச்சலாக வைத்திருக்கிறார்கள் என்று சுவரைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். வரைந்தவர்களின் உழைப்பையோ நல்லெண்ணத்தையோ நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான்: ஒரு மக்கள் கூட்டத்தை இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அடுக்கியதற்கு இந்த நகரம் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு எழுதப்பட வேண்டிய சுவரில் ஓவியம் வந்துவிட்டால், பார்க்க வருகிறவரின் கண் எங்கே நிற்கும்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். கண்ணகி நகருக்கு வண்ணம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடிக்கும் இயந்திரம் மட்டும் நிற்கவில்லை.

இதிலும் எனக்குப் பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து வந்த கலை ஆய்வாளர்கள் சிலருக்கு அந்த ஓவியங்களைச் சுற்றிக் காட்டினேன். மொழிபெயர்த்துச் சொல்லக் காசு கொடுத்தார்கள். வாடகை கட்ட வேண்டிய வாரம் அது. சுவருக்குக் கீழே குடத்தோடு நின்றிருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“இவங்கல்லாம் எங்கேருந்து தம்பி வர்றாங்க?”

“ஜெர்மனிலேர்ந்துக்கா.”

“இந்த செவுத்தப் பாக்கவா?”

“ஆமாக்கா.”

“நான் வேலைக்கு மந்தவெளி போவணும்னா ரெண்டு பஸ் மாறணும். இவங்க அம்மாந்தூரத்துலேர்ந்து செவுத்தப் பாக்க வந்துட்டாங்க பாரேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னார். வந்தவர்களில் ஒருவர், அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். ‘உங்களை வரவேற்கிறார்’ என்று மொழிபெயர்த்தேன். வாங்கிய காசுக்கு நான் செய்த வேலை அது. இன்றைக்கும் ரேடியல் சாலையில் போகும்போதெல்லாம் அந்தப் பொய் நினைவுக்கு வருகிறது.

மாறச் சொல்லி ஒரு பேருந்து. பார்க்கச் சொல்லி ஒரு விமானம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் சமகாலக் கலை நிற்கிறது. என்னைக் கேட்டால், 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததைத்தான் இந்த ஊரின் பெரிய கலைக் கொள்கை என்பேன். அந்த அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு செப்புச் சிலைக்கு முன்னால் நிற்க வேண்டுமென்றால், அவருக்குத் தேவை அந்தப் பேருந்துதான், சுவரோவியம் இல்லை.

கண்ணகி நகர் சுவர்களிலிருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே சோழமண்டலம் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய கலைஞர் கிராமம். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் சோறு போடாத காலத்தில் கைவேலை சோறு போட்டது. ஓவியர்கள் கூட்டாக உழைத்து, கூட்டாக நிலம் வாங்கி, விரும்பிய இடத்தில் வாழ்ந்த அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். கால்வாய்க்கு ஒரு பக்கம், தாங்களே தேர்ந்தெடுத்து வந்தவர்களின் கிராமம். மறுபக்கம், லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்களின் குடியிருப்பு. இரண்டிலும் கையால் வேலை செய்து பிழைத்தவர்கள்தான் இருந்தார்கள். ஒரு பக்கத்துக் கைவேலை கலை வரலாற்றில் ஏறியது. மறுபக்கத்துக் கைவேலை கூலிக் கணக்கிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கோடு புதிதல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளியில் கலையும் கைத்தொழிலும் சேர்ந்தே இருந்தன. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி. பெயரிலிருந்து கைத்தொழில் போய்விட்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிதான் கதவு, அதை மறுக்கவில்லை. ஆனால் வெளியே வந்தபின்பு கோடு அப்படியே இருக்கிறது. என் நண்பனின் அப்பா கடைப் பெயர்ப் பலகை எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தது, தூரிகை கீழே விழுந்தது. சுவரில் நாற்பது வருடம் எழுதியவருக்குப் பெயர் ‘பெயிண்டர்’. அதே சுவருக்கு வெளியூரிலிருந்து வந்து வரைந்தால் ‘ஆர்ட்டிஸ்ட்’. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே பெயிண்ட்தான்.

நண்பன் படித்தவன். இப்போது பிழைப்புக்குக் கண்காட்சிகளில் படம் மாட்டுகிறான். வேறு மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய கண்காட்சிக்கு ஒருமுறை போனான். முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடி. பத்து நாள் பெட்டி தூக்கினான், ஆணி அடித்தான், அளவுமட்டம் வைத்துப் பார்த்தான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு ரயில் ஏற்றிவிட்டார்கள். “எல்லா படத்தையும் நேரா மாட்டிட்டு வந்தேன் மச்சி. ஒண்ணையும் நின்னு பாக்கல” என்றான். அதையாவது பயணம் என்று விண்ணப்பத்தில் எழுதலாமா என்று கேட்டேன். “அது வேலைக்குப் போனது” என்றான்.

போகச் சொன்னால் போவது, வரச் சொன்னால் வருவது. பறை அடித்த நம் பாட்டன்களின் பயணமும் இதுதான். சாவு விழுந்தால் எந்த ஊரானாலும் நடக்க வேண்டும். அதனால்தான் ஒரு தலைமுறை ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்தது. அந்த மறுப்பு நடந்த பிறகுதான் அதே பறையைத் தன் விருப்பத்தோடு எடுக்க அடுத்த தலைமுறையால் முடிந்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால், பறையைக் கீழே வைத்தவர்களின் துணிச்சலும் இருக்கிறது.

இந்தக் கோட்டை மீறியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிகுமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் படம் பிடித்துவருகிறார். அதோடு நிற்காமல், தூய்மைப் பணியாளர்களின், மீனவர்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்த வீட்டையும் பாட்டி நடத்திய பள்ளியின் நினைவையும் உலகப் புகைப்படக் கலையின் பேசுபொருளாக்கினார். கண்ணூரில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்த சாஜன் மணி, பொய்கையில் அப்பச்சனின் பாடல்களோடு பெர்லினில் வேலை செய்கிறார். இவர்கள் யாரும் இரக்கத்தால் போனவர்கள் அல்ல.

ஆனால் இவர்கள் திறந்த கதவில் கலை உலகம் ஒரு புதிய காவலரை நிறுத்தியிருக்கிறது. ‘உள்ளே வா, ஆனால் வலியோடு வா.’ தலித் ஓவியர் என்றால் காயத்தைக் கொண்டுவர வேண்டும். சேரியை வரைய வேண்டும், மலக்குழியை வரைய வேண்டும். கூழைக்கடாவை வரைந்தால், ‘இதில் உங்கள் அனுபவம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். என் நண்பனிடம் கேட்டிருக்கிறார்கள். காலையில் எழுந்து சதுப்பு நிலத்தைப் பார்ப்பது அவன் அனுபவம் இல்லையா? மற்றவர்களுக்கு மரமும் மலையும் அருவமும் உண்டு. நமக்குக் காயம் மட்டும்தானா? தௌலதாபாத்தில் அந்தச் சிப்பாய், தண்ணீரைத் தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தார். இன்றைய சிப்பாய், காயத்தை விட்டு வேறெதையாவது தொடுகிறோமா என்று பார்த்துக்கொண்டு வருகிறார்.

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணப் படியை முன்கூட்டியே கொடுங்கள். ‘நீங்கள் செலவு செய்யுங்கள், ரசீது அனுப்புங்கள், மூன்று மாதத்தில் தருகிறோம்’ என்பது கையில் காசு உள்ளவருக்கான விதி. மசூர் வண்டிக்காரரின் இரட்டைக் கட்டணத்துக்கு அது தூரத்துச் சொந்தம். விண்ணப்பத்தைத் தமிழில் வையுங்கள். படம் மாட்டுகிறவருக்குத் திறப்பு விழா முடிந்து மறுநாள் டிக்கெட் போடுங்கள். நம் குடியிருப்புச் சுவரில் வரைவதானால், வரைவதா வேண்டாமா, யார் வரைவது, என்ன ஊதியம் என்பதை அந்தச் சுவருக்குள் வாழ்கிறவர்கள் முடிவு செய்யட்டும். தேர்வுக் குழுவில் எங்களை உட்கார வையுங்கள். எங்களை அங்கே ‘பிரதிநிதி’ என்று அழைக்காதீர்கள். எங்களுக்கும் நல்ல படம் எது, மோசமான படம் எது என்று தெரியும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கார்த்திகா இருந்தார். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே தமிழ்நாடு அவரை அழைத்தது. வேலைக்குப் போகும் இடத்தில் முகவரியை மாற்றிச் சொல்லிப் பழகிய ஒரு ஊரின் பெயர் அது. எந்தச் சுவரோவியத்தாலும் தர முடியாத ஒன்றை, விமானம் ஏறிப் போய் விளையாடிவிட்டு வந்த ஒரு பெண் அந்த ஊருக்குக் கொடுத்தார். வந்து பார்க்கப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தி போய் வந்தாள். வித்தியாசம் அதுதான்.

நான் இருக்கும் ஊரின் பெயர் அஸ்தினாபுரம். பாரதக் கதையில் ஏகலைவன் வித்தை கேட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்டது அந்தப் பெயர் கொண்ட நகரத்தில்தான். அவனுடைய வில்லைப் பற்றியும் விரலைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். காட்டுக்குத் திரும்பியவன் முதலில் என்ன செய்தான் என்பதை மறந்துவிடுகிறோம். மண்ணைக் குழைத்து ஒரு சிலை செய்தான். அவன் சிற்பி. வெட்டிக் கொடுத்த விரல் வில்லுக்கானது மட்டும் இல்லை, மண்ணுக்கானதும்தான். குரு தட்சணை என்ற பெயரில் இன்னும் எத்தனை காலம் நம் காயங்களை வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பது?

சென்ற வாரம் நண்பன் மறுபடியும் வந்தான். நான் எழுதியதை முழுக்க அழித்தோம். ‘பயணம் உங்கள் கலையை எப்படி வடிவமைத்தது?’ என்ற கேள்வியை அவனிடம் இன்னொரு முறை கேட்டேன்.

“இன்னும் எங்கயும் போவல. அஜந்தா பாக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. 500 சொற்களுக்கு இடமிருந்த பெட்டியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. தேர்வு செய்கிறவர்களுக்கு அது போதுமா என்று தெரியாது. போதாவிட்டாலும் அவுரங்காபாத்துக்கு ரயில் இருக்கிறது. இரண்டு பேரும் சீட்டுப் போட்டுச் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். அஜந்தா முடித்துவிட்டு வெருளுக்கும், திரும்பும் வழியில் தௌலதாபாத்துக்கும் போவோம். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. அங்கேயே குடிப்போம்.

ஜெய் பீம்.